இருநூறு வீதம்

மல்லாவிச் சந்தியில் டயர் ஒட்டுகிற கடைக்கும்
மருந்துக் கடைக்கும் நடுவில் என் கடை.
காற்றடிக்கும் மோட்டர் ஓடினால்
கணினித் திரை ஒருதரம் நடுங்கும்.
அடையாள அட்டைப் படம், சாமத்தியவீட்டு அல்பம்,
அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு முகம் வெட்டிக் கொடுத்தல்.
ஆட்கள் கொண்டுவருவது எப்போதும் ஒரு மூலை:
கலியாணக் கூட்டத்தின் மூன்றாம் வரிசை,
கேக்குக்குப் பின்னால் பாதி முகம்.
"இவரைத்தான் தம்பி, கொஞ்சம் துலக்கித் தாங்கோ."

துலக்குவது எப்படியென்று நான் சொல்வதில்லை.
கணினி முதலில் படத்தை மங்கலாக்கி
ஒரு பிரதி எடுக்கும்.
மங்கலை அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.
எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ
அங்கேதான் விளிம்பு என்று பிடித்துக்கொள்ளும்.
பிறகு விளிம்பின் கறுப்பை இன்னும் கறுப்பாக்கும்,
வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கும்.
அவ்வளவுதான். இல்லாததைக் கொண்டுவராது.
அளவு மிஞ்சினால் தலையைச் சுற்றி
சாமிப்படம் போல ஒரு வெள்ளைக் கோடு விழும்.
சிலர் அதைத்தான் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை, சங்கத்தில் கணக்கு முடித்து,
விரலில் மையோடு அக்கா வந்தாள்.
சுவிசிலிருந்து ஒரு சம்பந்தம்.
முப்பத்தாறு வயதில்.
யன்னல் பக்கம் இருத்தி எடுத்தேன்.
"சிரி" என்றேன்.
"சிரிச்சபடிதான் இருக்கிறன்."

பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டும் தூரிகையால்
நெற்றியைத் துப்புரவாக்கினேன், மூக்கை,
கண்ணுக்குக் கீழே கருமையை,
காதோரம் நின்ற ஒற்றை முடியை.
காதடியில் தொடங்கி வாயோரம் முடிகிற அந்தக் கோட்டுக்கு
கிட்டப் போகிற நேரமெல்லாம்
சுட்டி விலகிப் போனது.

"இதை ஏன் விட்டு வைச்சிருக்கிறாய்?"
"உன்னைக் கேக்காமல்…"
"அழி. ஆரெண்டு தெரியாதவன் எறிஞ்சது.
நான் ஏன் அதைச் சுவிஸ் மட்டும் காவ வேணும்?"

நான்கு இழுப்பு.

பிறகு குனிந்தாள், மூக்குத் திரையில் முட்ட.
"இதில ஒரு குழி இருந்ததெல்லே?"
"எதில?"
"புருவத்துக்கு மேல. உளுந்தளவு."

கொப்பளிப்பான் தழும்பு.
முதல் இழுப்பிலேயே போனது அதுதான்.
போனதை நான் கவனிக்கவில்லை.

செட்டிகுளத்தில் ஒரு கூடாரத்துக்குப் பதினொரு பேர்.
எனக்குப் போட்டதும் பத்துப் பேரும் மற்றக் கரைக்குப் போனார்கள்.
ஒன்பது பேர் அங்கேயே இருந்தார்கள்.
நான் சொறியாதபடி என் இரண்டு கையையும்
இரவிரவாகப் பிடித்துக்கொண்டு படுத்தவளுக்கு
இரண்டு கிழமையில் போட்டது.
அவளுடைய கையைப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை.
பத்து வயது. நித்திரை.

"அது நீ தந்ததடா. இருந்த இடத்தில வை."

பின்னோக்கிப் போகும் விசைக்கு
ஒழுங்கு ஒன்றுதான் தெரியும்:
கடைசியாகப் போனது முதலில் வரும்.
ஆகவே கோடு வந்தது,
நான்கு தட்டில், வாயோரத்திலிருந்து காதடிக்கு.
முடி வந்தது. கருமை வந்தது.
மூக்கின் புள்ளிகள் ஒவ்வொன்றாக.
நான் அவள் பக்கம் திரும்பவில்லை.
எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசித் தட்டில்,
உளுந்தளவு நிழல்.

இனி மற்றதை மட்டும் திரும்ப அழிக்கலாம்.
தூரிகையை எடுத்தேன்.
"காணும், விடு. கண்ணை மட்டும் துலக்கு.
எனக்குப் பசிக்குது."

இருநூறு வீதத்துக்குப் பெருப்பித்தேன்.
கண்மணிக்குள் யன்னல் இருந்தது.
யன்னலை மறித்துக்கொண்டு
ஒரு கறுப்பு உருவம், கமெராவோடு.
துலக்கினேன். விளிம்பு கூடியது, முகம் வரவில்லை.
இன்னும் கொஞ்சம் துலக்கினேன்.
சதுரம் சதுரமாக உடைந்தது.

பக்கத்துக் கடையில் மோட்டர் தொடங்க
திரை நடுங்கியது.

"ஆரது உள்ளுக்க?" என்றாள்
சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி.

"யன்னல்" என்றேன்.